ஐந்து லட்சத்துக்கு ஐம்பதாயிரம் பாயிண்ட்

நான் கணக்கு வாத்தியார். புதுக்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருஷமாகக் கணக்குதான் எடுக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் தெரிந்தால் இன்னும் கேவலமாக இருக்கும். போன வருஷம் ஒரு கிரெடிட் கார்டுக்குப் பின்னால் நான் அலைந்த அலைச்சலை இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. அந்த எரிச்சலில் கொஞ்சம் வங்கி மேல், கொஞ்சம் என் மச்சான் மேல், பெரும்பகுதி என் மேல்தான்.

கார்டை வாங்க வைத்தவர் எங்கள் பள்ளியின் கம்ப்யூட்டர் வாத்தியார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். கார்டில் சேர்ந்த பாயிண்டை வைத்தே மனைவி பிள்ளையோடு கோவா போய் வந்தவர் என்பதால் ஆசிரியர் அறையில் அவருக்குத் தனி மரியாதை. நூறு ரூபாய் செலவு செய்தால் இரண்டு பாயிண்ட் என்றார். விமான டிக்கெட் எடுத்தால் ஒரு பாயிண்டுக்கு ஐம்பது பைசா மதிப்பு. ஒரு வருஷத்துக்குள் ஐந்து லட்சம் தேய்த்துவிட்டால் நாற்பதாயிரம் பாயிண்ட் போனஸ். ஆண்டுக் கட்டணம் ஐயாயிரத்துத் தொள்ளாயிரமும் தள்ளுபடி. அவர் பேசி முடிப்பதற்குள் நான் மனக்கணக்குப் போட்டுவிட்டேன். பத்தாயிரமும் நாற்பதாயிரமும் சேர்ந்து ஐம்பதாயிரம் பாயிண்ட். அதாவது இருபத்தைந்தாயிரம் ரூபாய், அதுவும் ஓசியில்.

எனக்கு அப்போது அந்த இருபத்தைந்தாயிரத்துக்கு ஒரு வேலை இருந்தது. என் மகள் டெல்லிக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்திருந்தாள். என் வீட்டிலும் சரி, என் மனைவி வீட்டிலும் சரி, முதுகலை என்று ஒன்றைத் தொட்ட முதல் ஆள் அவள்தான். ஆவணி மாதம் பட்டமளிப்பு விழா. பிள்ளைக்கு இரண்டு பாஸ், அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. அந்தச் செய்தி வந்த அன்று என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "நாம ரெண்டு பேருமாப் போயி உக்காந்து பாக்கணுங்க" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இப்படி உட்கார்ந்து எதையும் கேட்டதில்லை. போவோம், அதுவும் விமானத்திலேயே போவோம் என்றேன்.

இரண்டு பேர் போய்வர அன்றைக்கு டிக்கெட் விலை முப்பதாயிரத்தைத் தாண்டவில்லை. கையில் இருந்ததைப் போட்டு அன்றே எடுத்திருக்கலாம். இந்தக் கட்டுரையும் இதோடு முடிந்திருக்கும். ஆனால் ஓசியில் கிடைக்கிற ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவது எனக்கு ஒத்துவராது. ஒரு முழம் பூ வாங்கினாலும் ஒரு கண்ணி கூட வைத்துக் கட்டச் சொல்கிற ஆள் நான்.

சித்திரை மாதம் கார்டுக் கணக்கைப் பார்த்தபோது மகளின் கடைசி வருஷக் கட்டணம், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்தும் இரண்டு லட்சத்து எழுபதாயிரம்தான் ஓடியிருந்தது. ஆடி பாதியில் கார்டு வருஷம் முடிகிறது. மூன்று மாதத்துக்குள் இரண்டு லட்சத்து முப்பதாயிரம் தேய்க்க வேண்டும். எங்கள் வீட்டுச் செலவு மாதம் ஏழாயிரத்துக்கு மேல் கார்டில் போகாது. இல்லாத செலவை உண்டாக்கினால்தான் உண்டு.

முதலில் வீட்டு வாடகையை ஒரு ஆப் மூலம் கார்டில் கட்டினேன். ஆப்காரன் ஒரு கட்டணம் பிடித்தான். அதற்கு வரி. வங்கி தன் பங்குக்குத் தனியாக ஒரு கட்டணம் பிடித்தது. அதற்கும் வரி. போகட்டும், போனஸ் வந்தால் இதெல்லாம் கால் தூசி என்று இரண்டு மாதம் கட்டினேன். பிறகுதான் வங்கியின் விதிமுறையில் எறும்பு எழுத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. வாடகை, பெட்ரோல், வாலட்டில் பணம் ஏற்றுவது எதுவும் ஐந்து லட்சத்தில் சேராதாம். சேராது என்பதை எழுதியவன் கட்டணம் உண்டு என்பதை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான். ஐந்நூறு ரூபாய் சொச்சம் தண்டம்.

அடுத்து நகைக்கடை. தங்கக் காசு வாங்கி உடனே விற்றுவிட்டால் என்ன என்று ஒரு சனிக்கிழமை கீழ ராஜ வீதியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். வாங்கும்போது மூன்று சதவீதம் வரி, செய்கூலி, கார்டு என்றால் அதற்கு மேலே இரண்டு சதவீதம். விற்கும்போது அதில் எதுவும் திரும்பாது. மூன்றாவது கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். விற்பதற்காகவா வாங்குகிறீர்கள் என்று கேட்டார். எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது.

பிறகு ஆசிரியர் அறையில் கடை விரித்தேன். யார் எது வாங்கினாலும் என் கார்டில் வாங்குங்கள், எனக்கு ரொக்கமாகக் கொடுங்கள் என்று சொல்லி வைத்தேன். ஒருவருக்கு வாஷிங் மிஷின், ஒருவருக்குப் போன். நாற்பத்திரண்டாயிரம் சேர்ந்தது. வாஷிங் மிஷின்காரர் பணத்தை நான்கு தவணையாக, ஒவ்வொரு முறையும் எனக்குத் தர்மம் செய்கிற முகத்தோடு கொடுத்தார். தமிழ் ஐயா முப்பத்திரண்டாயிரத்துக்கு ஒரு ஃபிரிட்ஜ் எடுத்தார். அன்றைக்கு நான் வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன். நான்காம் நாள், கதவில் சொட்டை என்று அவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். பணம் கார்டுக்கே திரும்ப வந்தது, என் கணக்கிலிருந்து முப்பத்திரண்டாயிரம் குறைந்தது. வண்டி வந்து அதை ஏற்றுவதற்கு முன்னால், சொட்டை எங்கே இருக்கிறது என்று நானே அவர் வீட்டுக்குப் போய்த் தடவிக்கூடப் பார்த்தேன். இருந்தது, நெல்லிக்காய் அளவுக்கு. கதவை இந்தப் பக்கம் சுவரோடு ஒட்டி வைத்தால் தெரியாது ஐயா என்று கெஞ்சினேன். அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க முயன்றுகொண்டிருக்கிறேன்.

ஆனி கடைசியில் இன்னும் ஒன்றே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தேவைப்பட்டது. அப்போதுதான் என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், மொய் விருந்துப் பத்திரிகையோடு வந்தார்.

எங்கள் பக்கத்து மொய் விருந்து தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் ஆடி, ஆவணியில் கல்யாணமோ காதுகுத்தோ இல்லாமலே பந்தல் போட்டு, ஆடு அறுத்து, ஊரையே கூப்பிட்டுக் கறிச்சோறு போடுவார்கள். சாப்பிட்டவர்கள் மேஜையில் பணத்தைக் கொடுத்து நோட்டில் எழுதிவிட்டுப் போவார்கள். ஐந்நூறும் இருக்கும், ஐந்து லட்சமும் இருக்கும். வாங்கியவர், எழுதியவர் விருந்து வைக்கும்போது அதைத் திருப்பி எழுத வேண்டும், மேலே கொஞ்சம் சேர்த்து. இதற்குப் பத்திரம் கிடையாது, சாட்சிக் கையெழுத்து கிடையாது, வட்டியும் கிடையாது. நோட்டும் மானமும்தான். அதனாலேயே வங்கிக் கடனைக் கட்டாதவன்கூட மொய்யைக் கட்டிவிடுவான். கஷ்டப்படுகிற குடும்பத்தைத் தூக்கிவிட ஏற்பட்ட வழக்கம் என்பார்கள். நான் அந்த ஊரில் பிறந்தவன் என்றாலும் வாத்தியார் வேலைக்கு வந்த பிறகு இதையெல்லாம் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தேன். கூப்பிட்டால் போவேன், ஆயிரமோ இரண்டாயிரமோ எழுதுவேன், நானாக ஒரு நாளும் விருந்து வைத்ததில்லை.

மச்சான் நல்ல மனிதர். தென்னந்தோப்பும் மூன்று ஏக்கர் பூமியும் வைத்திருப்பவர். விருந்துக்கு அரிசியும் மளிகைச் சாமானும் மட்டும் ஒன்றே முக்கால் லட்சம் ஆகும் என்று அவர் சொன்னதும் எனக்குக் காது விடைத்துக்கொண்டது. அந்தப் பணத்தை நான் கார்டில் போட்டுவிடுகிறேன், விருந்து முடிந்து நீங்கள் எனக்குக் கொடுத்தால் போதும் என்றேன். பாயிண்ட், போனஸ், டெல்லி எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். "செஞ்சுருங்க மாப்ள, நமக்குள்ள என்ன" என்றார். அந்த வார்த்தையை நான் ஒரு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டேன், அவர் வேறு எண்ணத்தில் சொன்னார் என்பது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாளே அவரைப் பைக்கில் உட்காரவைத்துக்கொண்டு அரிசி மண்டிக்கும் மளிகைக் கடைக்கும் போனேன். இரண்டு இடத்திலும் கார்டு என்றதும் முகத்தைச் சுளித்தார்கள், இரண்டு சதவீதம் கூட ஆகும் என்றார்கள். மூவாயிரத்து ஐந்நூறு. அதை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். மிஷினிலிருந்து சீட்டு வந்தபோது எனக்குப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிய மாதிரி இருந்தது. ஐந்து லட்சத்தைத் தாண்டியாயிற்று.

விருந்து ஆடி முதல் வாரம். ஆயிரத்துக்கு மேல் ஆட்கள். நானும் என் மனைவியும் சாப்பிட்டுவிட்டு மேஜைக்குப் போனோம். தங்கை வீட்டு முறைக்கு எழுத ஐயாயிரம் ரூபாயைக் கவரில் போட்டு வைத்திருந்தேன். நான் கவரை நீட்டுவதற்குள் மச்சான் எழுதுகிறவர் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். எழுதுகிறவர் எழுதினார். பக்கத்தில் மைக் வைத்திருந்தவர், தங்கை மாப்பிள்ளை, கணக்கு வாத்தியார், ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் என்று பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் என் தோளில் கை வைத்தார், அவர் கண் கலங்கியிருந்தது. என் மனைவியின் சித்தப்பா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அது மொய் இல்லை, மச்சான் எனக்குத் திருப்பித் தர வேண்டிய பணம் என்று ஒரு வார்த்தை. ஆனால் பந்தலில் அத்தனை பேர் நடுவில், பெண் எடுத்த வீட்டில், மைக்கில் சொன்னதை மாப்பிள்ளை மறுத்தால் அது என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று சும்மா இருந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கவரில் இருந்த ஐயாயிரத்தைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து போனஸ் பாயிண்ட் ஏறியது. அன்று சாயங்காலம் நானும் என் மனைவியும் போனைப் பார்த்துக்கொண்டே திருச்சியிலிருந்து டெல்லிக்குப் போய்வர இரண்டு டிக்கெட் எடுத்தோம். நாற்பத்தாறாயிரம் பாயிண்ட். அவள் ஜன்னல் ஓரம் வேண்டும் என்றாள். கம்ப்யூட்டர் வாத்தியாருக்குப் போன் செய்து நன்றி சொன்னேன். மகளிடம் அவளே பேசினாள், அப்பா ஜெயித்துவிட்டார் என்று சொன்னாள்.

அதே வாரம் கார்டு பில்லும் வந்தது. ஆவணி பத்துத் தேதி வாக்கில் கட்டியாக வேண்டும். மச்சான் பணம் கொண்டுவருவார் என்று பார்த்தேன், வரவில்லை. நானே போனேன். அவர் தோப்பில் புது போர் போட்டுத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மொய்யில் வந்த பணம் போருக்கும் பழைய கடனுக்கும் போய்விட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் தயங்கித் தயங்கி என் பணத்தைக் கேட்டேன். அவருக்கு நான் கேட்டதே புரியவில்லை. எங்கள் பள்ளியில் முட்டாள் பையனுக்கு நான் விளக்குவதைப் போல அவர் எனக்கு விளக்கினார்.

"அதான் எழுதியாச்சே மாப்ள. ஒங்க பணம் எங்கிட்டு போயிரும்? நீங்க ஒரு விருந்து வைங்க. ஒன்னே முக்காலோட மேல இருபத்தஞ்சு போட்டு, சொளையா ரெண்டு லட்சம் கொண்டாந்து எழுதுறேன்."

பில் இந்த மாதம் கட்ட வேண்டும் மச்சான் என்றேன். கையில் சுத்தமாக இல்லை என்றார். அப்படியென்றால் நான் விருந்து வைத்தால் மட்டும் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். மொய் என்றால் எப்படியும் புரட்டிவிடுவேன், அது மானப் பிரச்சினை இல்லையா என்றார். அவர் ஏமாற்றவில்லை. கார்டுக்காரனுக்குக் கட்ட வேண்டும் என்றால் அவரிடம் பணம் இல்லை, மொய் எழுத வேண்டும் என்றால் எங்கிருந்தாவது வந்துவிடும். இந்த மனிதரிடம் நான் எந்தச் சூத்திரத்தைக் கொண்டுபோய் நிரூபிப்பது? பைக்கை உதைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தினேன். உன் அண்ணன் என்று ஆரம்பித்து என்னென்னவோ சொன்னேன். அவள் கடைசி வரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மைக்ல சொன்னப்ப நீங்க ஏன் சும்மா நின்னீங்க?"

வங்கிக்குப் போன் செய்தேன். எதற்கு எந்த எண்ணை அமுக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. தவணையாக மாற்றலாம் சார் என்று ஒரு பெண் தேனொழுகச் சொன்னாள். வட்டி, நடைமுறைக் கட்டணம், இரண்டுக்கும் வரி. தவணையாக மாற்றினால் அந்தச் செலவு ஐந்து லட்சத்தில் சேராது, போனஸைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்ளப் பாயிண்ட் இல்லையே, டிக்கெட் எடுத்துவிட்டேனே என்றேன். அதற்கான தொகை பில்லில் வரும் சார் என்றாள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டாள்.

அன்று சாயங்காலம் என் மனைவி கழுத்திலிருந்த ஐந்து பவுன் சங்கிலியைக் கழற்றி என் முன்னால் வைத்தாள். இதை அடகு வைத்துப் பில்லைக் கட்டிவிடுங்கள், நாம் இரண்டு பேரும் போய்வருவோம், மெதுவாக மீட்டுக்கொள்ளலாம் என்றாள். வழி அதுதான். இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? மாதிரித் தேர்வு வினாத்தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். நகைக்கடன் வட்டி வருஷத்துக்குப் பதினாறாயிரம். மதிப்பீட்டாளர் கட்டணம். ஏற்கெனவே அழுத தண்டம் நாலாயிரம். பாயிண்டில் கிடைத்ததில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். அந்தப் பக்கம் விருந்து வைத்தால் ஒன்றே முக்காலும் வரும், மேலே இருபத்தைந்தாயிரமும் வரும். ஆவணி இரண்டாம் வாரம் ஐந்து பேர் சேர்ந்து வைக்கிற விருந்தில் ஆறாவதாக என்னையும் சேர்த்துக்கொள்ள மச்சான் பேசிவைத்திருந்தார். செலவில் என் பங்கு நாற்பத்தைந்தாயிரம். இருபது வருஷமாக நான் அங்கங்கே எழுதிய மொய்யெல்லாம் திரும்பினால் அதுவும் கட்டிவிடும். கார்டுக்குக் கடைசித் தேதிக்கு ஒரு நாள் முன்னால் விருந்து. எல்லாம் சரியாகப் பொருந்தியது. ஒன்றே ஒன்றுதான் பொருந்தவில்லை. விருந்தும் பட்டமளிப்பும் ஒரே நாள்.

விருந்து வைக்கிறவன் பந்தலில் இல்லாமல் இருக்க முடியாது. ஆறு பேர் வைக்கிற விருந்தை எனக்காகத் தள்ளிவைக்கவும் முடியாது. சங்கிலியை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன், நீ மட்டும் போய் வா என்றேன். அவள் அதை வாங்கி உள்ளங்கையில் சுருட்டி வைத்துக்கொண்டாள். பிறகு கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

மகளிடம் நான்தான் சொன்னேன். பணம் மாட்டிக்கொண்டது, விருந்து, வேறு வழி இல்லை என்று சுற்றிச் சுற்றிச் சொன்னேன். பரவாயில்லை அப்பா, நேரலையில் காட்டுவார்கள், லிங்க் அனுப்புகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அந்தப் பெண்ணுக்கு என்னைச் சமாதானப்படுத்த வேண்டிய நிலைமை. என் டிக்கெட்டை ரத்து செய்தபோது இருபத்து மூவாயிரம் பாயிண்டில் ஒன்பதாயிரம் திரும்பி வந்தது. மிச்சம் ரத்துக் கட்டணம். கட்டணம், கட்டணம், கட்டணம். அந்த வார்த்தையைக் கேட்டாலே யாரையாவது அடிக்கலாம் போல வந்தது.

விருந்துக்கு இரண்டு நாள் முன்னால் திருச்சி விமான நிலையத்தில் என் மனைவியை விட்டேன். அவளுக்கு இந்தி தெரியாது, விமானத்தை அவள் அதுவரை கிட்டத்தில் பார்த்ததில்லை. எங்கே பெட்டியைக் கொடுக்க வேண்டும், எந்தச் சீட்டைக் காட்ட வேண்டும் என்று நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததை மடித்துக் கையில் வைத்திருந்தாள். வாசலில் ஆயுதத்தோடு நின்றவரிடம் ஆதாரை நீட்டிவிட்டு உள்ளே போனாள். திரும்பிக் கை காட்டுவாள் என்று நின்றேன். பயத்தில் மறந்துவிட்டாள் போலிருக்கிறது. உட்கார்ந்த பிறகு போன் செய்தாள். ஜன்னல் ஓரம் கிடைத்திருக்கிறது, பக்கத்து சீட் காலியாக இருக்கிறது என்றாள்.

விருந்தன்று காலையிலிருந்தே கூட்டம். ஆறு பேருக்கும் ஆறு மேஜை. என் மேஜையில் எழுத ஒருவர், பணம் எண்ண ஒரு மிஷின், அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர். என் மனைவி நிற்க வேண்டிய இடத்தில் மச்சான் நின்றுகொண்டார். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது அவளைத்தான். மகளுக்குப் பட்டம் கொடுக்கிறார்கள், டெல்லி போயிருக்கிறாள் என்று நான் சொல்லச் சொல்ல, அப்படியானால் நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று ஒருவர் விடாமல் முகத்தாலேயே கேட்டார்கள். வாயால் யாரும் கேட்கவில்லை.

சொன்னபடி மச்சான் இரண்டு லட்சம் கொண்டுவந்து எழுதினார். தென்னை மரத்தைக் குத்தகைக்கு விட்டுப் புரட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மற்றவர்களும் எழுதினார்கள். என் பழைய மொய் அறுபத்திரண்டாயிரம் திரும்பி வந்தது. புதுமொய் ஒரு லட்சத்துக்கு மேல். அந்தப் புதுமொய்யும் மச்சான் மேலே போட்ட இருபத்தைந்தாயிரமும் வரவு இல்லை. ஒவ்வொருவர் விருந்துக்கும் போய் நான் கூட்டித் திருப்ப வேண்டியது, ஆயுசுக்கும். ஐம்பதாயிரம் பாயிண்டுக்கு ஆசைப்பட்டு, நான் இளக்காரமாகப் பார்த்த நோட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டேன்.

பதினொன்றரைக்கு மகளின் துறையைக் கூப்பிடுவார்கள். லிங்க் என் போனில் இருந்தது. போன் மேஜையில் இருந்தது, ஏனென்றால் இப்போதெல்லாம் பாதிப் பேர் ஸ்கேன் செய்துதான் மொய் எழுதுகிறார்கள், பணம் ஏறிவிட்டதா என்று எழுதுகிறவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பத்து நிமிஷம் போனைக் கொடுங்கள் என்று கேட்டேன். "சார், அஞ்சு பேரு ஸ்கேன் பண்ணிட்டு நிக்கிறாங்க" என்றார். சரி, இவர்கள் போகட்டும் என்று நின்றேன். அவர்கள் போனதும் ஆறு பேர் வந்தார்கள். நினைத்திருந்தால் போனைப் பிடுங்கிக்கொண்டு தோப்புப் பக்கம் போயிருக்கலாம். அப்போது ஐம்பதாயிரம் எழுத ஒருவர் வந்துவிட்டார், அவரிடம் நின்று பேசினேன். மணி பார்த்தபோது பன்னிரண்டரை.

இரண்டரைக்கு மகள் கூப்பிட்டாள். பின்னால் ஒரே சத்தம், சிரிப்பு. அப்பா, லைவ் என்று ஏதோ ஆரம்பித்தாள். அவள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

"பாத்தேம்மா. எல்லாத்தையும் பாத்தேன். நீ மேடையில ஏறுனது நல்லாத் தெரிஞ்சுது. கண்ணே நெறஞ்சு போச்சு."

அந்தப் பக்கம் ஒன்றும் பேச்சில்லை. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். இருந்தது. கொஞ்சம் கழித்து, "சரிப்பா" என்றாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன், அதுவும் பொய்தான். அம்மாவிடம் பேசுகிறீர்களா என்றாள், மேஜையில் என்னைக் கூப்பிட்டார்கள், பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் கார்டு பாக்கி முழுவதையும் கட்டினேன். கட்டியதற்கு நன்றி என்று வங்கியிலிருந்து செய்தி வந்தது.

நான்கு நாள் கழித்து மனைவி வந்தாள். விழாவைப் பற்றி வாய் ஓயாமல் சொன்னாள். எனக்கு வைத்திருந்த நாற்காலியில், மகளோடு தங்கியிருந்த பெண்ணின் மாமா உட்கார்ந்தாராம், பாஸ் வீணாகக் கூடாது என்று மகள்தான் கொடுத்தாளாம். பெட்டியைப் பிரித்துத் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டே அவள் அடுத்ததைச் சொன்னாள்.

"ஒங்களுக்குத்தான் குடுத்து வைக்கல. அன்னைக்கு லைவே வரலையாமே, காலையிலயே ஏதோ கோளாறுன்னு நிறுத்திட்டாங்களாம். அப்பா போனையே பாத்துக்கிட்டு உக்காந்துருப்பாரு, சொல்லிர்றேன், வீடியோ எடுத்தத அனுப்புறேன்னு விழா முடிஞ்சதும் பாப்பாதான் ஒடனே ஒங்களுக்குப் போன் போட்டுச்சு. சொல்லுச்சுல்ல?"

சொன்னாள் என்றேன். அப்படியென்றால் வீடியோவைக் காட்டுங்கள், நான் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மகள் அதை எனக்கு அனுப்பவில்லை. இன்று வரை அனுப்பவில்லை. கேட்கிற முகம் எனக்கும் இல்லை.